காம்பர் பிரிட்ஜுக்குள் ஒரு கிளாஸ் தண்ணீர்

விடுமுறைக்குப் பலெர்மோ போகிறேன் என்றதும் வேலையிடத்தில் எல்லோரும் கடற்கரைக்கு உடுப்பு வாங்கிவிட்டாயா என்று கேட்டார்கள். நான் வாங்கவில்லை. தெர்மாமீற்றரைத் துடைத்து, ஒரு பழைய காலுறைக்குள் பத்திரமாகச் சுற்றிக் கைப்பையில் வைத்தேன்.

ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. நாளுக்கு மூன்று தடவை ஒவ்வொரு பிரிட்ஜையும் திறந்து, வெப்பநிலையைக் கதவில் ஒட்டிய தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். ஐந்து பாகைக்கு மேலே ஏறினால் உள்ளே இருப்பது எதுவானாலும் குப்பைக்குத்தான். சேர்ந்த புதிதில் இவர்களுக்கு விசர் என்று நினைத்தேன். ஆறு வருடத்தில் அந்த விசர் எனக்கும் தொற்றிவிட்டது. இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பிரிட்ஜைத்தான் திறந்து பார்க்கிறேன். என்னைக் கூப்பிடும் வீடுகளும் குறைந்துவிட்டன.

தங்கை வசந்தி மட்டும் அதற்காகவே கூப்பிட்டாள். பலெர்மோவில் பதினெட்டு வருடமாக ஒரே வீட்டில் துடைக்கிறாள், தோய்க்கிறாள், மினுக்குகிறாள். அந்த வீட்டு அம்மாவுக்கு, அவள் சொல்லும் சின்யோராவுக்கு, எண்பது வயது நிறைகிறது. மொண்டெல்லோ கடற்கரையில் உள்ள கோடை வீட்டுத் தோட்டத்தில் ஞாயிறு மதியம் விருந்து; நாற்பது பேர். “இந்த முறை உன்னுடைய சாப்பாடுதான்” என்று சொல்லிவிட்டாராம்.

“அக்கா, இது வடிவா முடிஞ்சா அவவின்ர சிநேகிதப் பொம்பிளையளும் கேப்பினம். நான் மொப்பைக் கீழ வைச்சிடலாம். முழங்கால் இனி ஏலாதெண்டு சொல்லுது,” என்றாள் தொலைபேசியில். பிறகு குரல் இறங்கியது. “ஆனா வாறதெல்லாம் வயசான சனம். ஆருக்கேன் வயித்துக்குள்ள ஏதும் செய்திச்சுதெண்டா, பிறகு ஒருத்தரும் என்னை வாசல்ல அண்ட விடாயினம். நீங்கள் வாங்கோ. அந்தச் சாமானையும் கொண்டுவாங்கோ.”

இறால் கட்லற், கத்தரிக்காய்ப் பால்கறி, கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். அதாவது இறால், தேங்காய்ப்பால், முட்டை. ஒரு விருந்தைக் கெடுக்க நினைக்கிறவர்கூட இதைவிட நல்ல பட்டியல் போடமாட்டார். போர்கோ வெக்கியோவில் இருக்கும் அவளுடைய வீட்டு பிரிட்ஜ் என் இடுப்பளவுதான். சின்யோராவின் கோடை வீட்டில் இருப்பதில் வைன் போத்தல்கள் நிறைந்திருக்குமாம். இதற்கு அவள் புருஷன் யோகன் ஒரு வழி வைத்திருந்தார். வசந்த காலத்தில் அவர் ஒரு பழைய காம்பர் வாங்கியிருந்தார். படுக்கை, அடுப்பு, ஆளுயர பிரிட்ஜ் எல்லாம் உள்ள வண்டி.

வியாழக்கிழமை ரயில் இரண்டு மணித்தியாலம் தாமதம். சிசிலிக்கு வரும் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றி, அக்கரையில் திரும்பவும் பூட்டுகிறார்கள். ஜேர்மனியில் என்றால் இதற்குள் பாதிப்பேர் முறைப்பாடு எழுதியிருப்பார்கள். இங்கே எதிரில் இருந்த மனிதர் கத்தியை எடுத்துப் பீச் பழம் வெட்டி, பெட்டியில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். எனக்கு இரண்டு கிடைத்தது.

பலெர்மோ ரயில் நிலையம், ஸ்தாசியோனே சென்ட்ராலே வாசலில் யோகன் காம்பரை மூன்றாவது வரிசையில் நிறுத்திவிட்டு, பின்னால் ஹோர்ன் அடித்தவர்களுக்குக் கல்யாண வீட்டு மாப்பிள்ளைபோலக் கைகாட்டிக்கொண்டு நின்றார்.

“மச்சாள், ஏறுங்கோ. வலக்காலை வைச்சு ஏறுங்கோ.”

ஏறி உட்கார்ந்தேன். சரசரவென்று சத்தம் கேட்டது. இருக்கைகளுக்குப் பிளாஸ்ரிக் உறை. மெத்தைக்குப் பிளாஸ்ரிக். மேசைக்கு மேலே பிளாஸ்ரிக். பிரிட்ஜ் கதவில் கம்பனிக்காரன் ஒட்டிய மெல்லிய படலமும் விற்பனை ஸ்டிக்கரும் அப்படியே. இருபது வருடப் பழைய வண்டி அது. முதல் சொந்தக்காரர் கழற்றாமல் விட்டதை இவர் கழற்றாமல் காத்துவருகிறார், கழற்றியிருந்ததற்குப் புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறார். எங்கள் ஆட்கள் வீடுகளில் ரீவி ரிமோட் பிளாஸ்ரிக் பைக்குள்ளேயே பிறந்து, வாழ்ந்து, சாவது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வியர்த்த முதுகோடு அதில் சாய்ந்தபோது வாயை அடக்க முடியவில்லை.

“யோகன், நீர் இதை ஆருக்குச் சேர்த்து வைக்கிறீர்?”

“சாமான் புதுசா இருக்கவேணும் மச்சாள். ஒருக்காக் கழட்டினா முடிஞ்சுது.”

வண்டியை அவர் மொந்தே பெல்லெக்ரினோ அடிவாரத்தில் நிறுத்துகிறார். ஞாயிறுகளில் எங்கள் சனம் சைவம், கிறிஸ்தவம் என்று பாராமல், உச்சியில் இருக்கும் புனிதவதி கோவிலுக்கு நேர்த்திக்கடன் வைத்து வெறுங்காலோடு ஏறும் மலை அது. போர்கோ வெக்கியோ ஒழுங்கைக்குள் காம்பர் நுழையாது. இங்கே பைன் மர நிழல் இருக்கிறது. “பிரிட்ஜ் வண்டியை வெயிலில விடக்கூடாதாம், இன்ரர்நெற்றில பார்த்தனான்,” என்று பெருமையாகச் சொன்னார். சரியான பேச்சுத்தான். நான் ஒரு கிளாஸில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் தெர்மாமீற்றரின் கம்பியைப் போட்டு, பிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தேன். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று உடனே சூடாகிப் பொய் சொல்லும். தண்ணீர் பொய் சொல்லாது. என் தெர்மாமீற்றரின் எண்கள் கொஞ்சம் மங்கல். வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்க்கவேண்டும். அதற்கும் என்னைப்போல வயதாகிவிட்டது.

வெள்ளி காலை யோகனின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறிக் காம்பர் நிற்கும் இடத்துக்குப் போனேன். வழியில் ஒரு செருப்புக் கழன்று விழுந்தது. இந்த ஊர் வாகன நெரிசலில் இறங்கி எடுப்பதற்கு எனக்கு இன்னொரு உயிர் வேண்டும். மூன்றாவது சிக்னலில் ஒரு மனிதர் தன் ஸ்கூட்டரை எங்களோடு ஒட்டி நிறுத்தி, செருப்பை என் மடியில் வைத்து, “சின்யோரா, இளவரசன் நான்தானா என்று பிறகு பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுப் பறந்தார். யோகன் மொழிபெயர்த்தார். ஐம்பத்து மூன்று வயதில் எனக்குக் கன்னம் சூடாகிவிட்டது.

பிரிட்ஜைத் திறந்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. பதினான்கு. கீழ்த்தட்டில் ஒரு தட்டு வட்டிலப்பம் மூடியோடு இருந்தது. வசந்தி என்னை வியக்கவைக்க, வியாழன் மாலையே ஒத்திகையாகச் செய்து, நான் படுத்தபிறகு யோகனிடம் கொடுத்தனுப்பி ஒளித்து வைத்திருந்தாள். பன்னிரண்டு முட்டை. ஊரிலிருந்து வந்த பனங்கட்டி. ஏலக்காய் வாசம் ஆளைத் தூக்கியது.

வேலைக்குப் போகும் வழியில் அவளும் அங்கே வந்தாள். அவள் கண்முன்னாலேயே அதைக் குப்பைப் பைக்குள் கொட்டினேன்.

“ஒரு கரண்டியேன் வாயில வைச்சுப் பார்த்திருக்கலாமே அக்கா,” என்றாள்.

“வாயில வைச்சுப் பார்த்தா ருசிதான் தெரியும். இரா முழுக்கப் பதினாலில கிடந்தது.”

அவள் பையின் வாயைக் கட்டினாள். எங்கள் வீட்டில் சோறு கொட்டினால் அம்மா அன்று முழுக்கப் பேசமாட்டார். ஆனாலும் திரும்ப அந்தத் தட்டு என் கையில் வந்தால் திரும்பவும் கொட்டியிருப்பேன்.

அவள் போன பிறகுதான் கிளாஸை வடிவாகப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. மறுபக்கத்தில் ஒரு விரல் இறங்கி நின்றது. மேசையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தேன். அது என்னிடம் கேட்காமல் உருண்டு போய்க் கதவடியில் விழுந்தது.

“யோகன், வண்டி சரிஞ்செல்லே நிக்குது.”

“கல்லு வைச்சிருக்கிறன் மச்சாள், உருளாது.”

“உருளுறது இல்லை கதை. உது காஸில ஓடுற பிரிட்ஜ். உள்ளுக்க ஒரு திரவம் குழாயில ஏறி இறங்கவேணும். சரிஞ்சு நிண்டா அது ஓடாது, குளிராது.”

அவர் மலையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் வாகனத்தை எங்கே விட்டாலும் மட்டமாகத்தான் நிற்கும். மலை என்று ஒன்றை நாங்கள் சமூகக்கல்விப் புத்தகத்தில்தான் படித்தோம். சரிவு என்பது ஒரு பிரச்சினையாக இருக்கலாம் என்று அவர் மூளை சொல்லாததில் பெரிய அதிசயமில்லை.

போர்கோ வெக்கியோ சந்தையில் தோத்தோ என்ற மீன்காரரிடம் இரண்டு தடித்த பலகை வாங்கினோம். தோத்தோ பலகையோடு என்னைச் சும்மா அனுப்பவில்லை. கடலைமாப் பொரியலை எள்ளுத் தூவிய ரொட்டிப் பாணுக்குள் வைத்து, எலுமிச்சை பிழிந்து கையில் திணித்தார். நின்ற நிலையில் தின்றேன். வடைக்கும் பஜ்ஜிக்கும் நடுவில் எங்கேயோ ஒரு ருசி. இவ்வளவு வருடம் உருளைக்கிழங்கு சலாதுக்கு மயோனைஸ் ஊற்றிக்கொண்டு திரிந்த என் வயிறு கைதட்டியது. இன்னொன்று கேட்டேன்.

கீழ்ப்பக்கச் சில்லுகளைப் பலகையில் ஏற்றினோம். நான் உள்ளே நின்று கிளாஸைப் பார்த்து “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், காணும்” என்று கத்தினேன். தண்ணீர் நேராக நின்றது. தெர்மாமீற்றர் பின்னேரம் பதினொன்று காட்டியது, இரவில் ஒன்பது. யோகன் ஒன்பதுக்கே கைகொடுக்க வந்தார். நான் கொடுக்கவில்லை.

சனி விடிய ஷிரோக்கோ வீசத் தொடங்கியது. ஆபிரிக்காவிலிருந்து வரும் சுடுகாற்று. ஜன்னலைத் திறந்தால் யாரோ முகத்துக்கு நேரே ஹெயார் டிரையர் பிடிக்கிறமாதிரி இருந்தது. ஆறரை மணிக்கு மூன்று பேரும் பிரிட்ஜுக்கு முன்னால் நின்றோம். இன்னும் ஒன்பது. வெயில் ஏறினால் அது இன்னும் மேலே போகும்.

“வசந்தி, பன்னிரண்டு மணிக்குள்ள ஐஞ்சுக்குக் கீழ வராட்டி சின்யோராவுக்குச் சொல்லிவிடு. றாலும் இல்லை, வட்டிலப்பமும் இல்லை. பருப்பும் சோறும் குடுக்கலாம்.”

“எண்பதாவது பிறந்தநாளுக்குப் பருப்போ அக்கா?” வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். “பதினெட்டு வருஷம் அந்த மனிசி என்னை ஒண்டும் கேக்கேல்லை. இப்பதான் முதல்முறை கேட்டது. நான் போய், ஏலாதெண்டு சொல்லுறதோ?”

அவள் அழவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. ஏன் வந்தேன், ஏன் இந்த நாசமாய்ப்போன சாமானைக் கொண்டுவந்தேன், தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாகச் சமைத்திருப்பாளே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் எங்கள் முதியோர் இல்லத்துக் கிழவிகளின் முகங்கள் வந்தன. இல்லை. ஐந்து என்றால் ஐந்துதான்.

யோகனுக்கு என்ன தோன்றியதோ தெரியாது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இருக்கை உறையைப் பிடித்து ஒரே இழுவை. கிர்ரென்று கிழிந்தது. மெத்தை உறை. மேசை உறை. பிரிட்ஜ் கதவுப் படலத்தை மூலையில் நகத்தால் கிளப்பி, தோல் உரிக்கிறமாதிரி உரித்தார்.

“என்ன செய்யிறியள்?” என்றாள் வசந்தி.

“நேர்த்தி. இந்த வண்டியில ஒரு கவரும் இனி வேண்டாம். நாளைக்கு வடிவா முடியட்டும்.”

பிரிட்ஜ் குளிரவில்லை என்பதற்கு மெத்தையை உரித்து என்ன பயன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் இறங்கி வெளிப்பக்கச் சுவருக்குப் போய்விட்டார். அங்கேயும் ஏதோ டக் டக்கென்று கழற்றுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். பிரிட்ஜின் முதுகுப் பக்கம், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் மூடிகள். கழற்றிய இடத்தில் கம்பித் துவாரங்கள். நான் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். ரொட்டி சுடும் போறணை வாயைத் திறந்ததுபோல வெக்கை முகத்தில் அடித்தது.

“யோகன், உதென்ன மூடி?”

“அது துவாரத்துக்குத் தூசி போகாமல் போடுறது மச்சாள். புதுசா இருக்கட்டுமெண்டு ஒவ்வொரு கிழமையும் கழுவித் துடைச்சுப் போடுறனான்.”

“அது மாரிக் குளிருக்குப் போடுற மூடி. உள்ள இருக்கிற சூட்டை பிரிட்ஜ் உதாலதான் வெளியில விடவேணும். இந்தக் கோடை முழுக்க நீர் அதின்ர மூக்கைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு, ஏன் மூச்சு விடுறாயில்லையெண்டு கேட்டுக்கொண்டு நிண்டிருக்கிறீர்.”

யோகன் இரண்டு மூடிகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதலில் சிரித்தது வசந்திதான். படியில் இருந்தபடியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் அவரும் சேர்ந்துகொண்டார்.

ஒன்பது மணிக்கு ஏழு. பத்தரைக்கு ஆறு. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து பார்க்க வந்த யோகனைத் துரத்தியடித்தேன். திறந்தால் குளிர் போய்விடும். பன்னிரண்டு மணிக்கு நான் திறந்து, தெர்மாமீற்றரை வெளிச்சத்துக்குச் சரித்தேன். நாலு புள்ளி எட்டு. வசந்தியிடம் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அடுத்த நிமிடம் தோத்தோவிடம் இறால் வாங்க ஓடிப்போனாள். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்று பின்னேரம் வசந்தியின் சின்ன வீடு முழுக்கத் தேங்காய்ப்பால் வாசம். அவித்து இறக்கிய வட்டிலப்பத்தைச் சூடாகவே பிரிட்ஜுக்குள் தள்ளப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டேன். தோத்தோ கொடுத்த ஐஸைத் தொட்டியில் கொட்டி, தட்டுகளை அதற்குள் நிறுத்தி ஆறவைத்தோம். பிறகுதான் காம்பர். யோகன் ஊரில் லொறிக்கு மூட்டை ஏற்றுகிற கைப்பழக்கத்தில் இடைவெளி இல்லாமல் அடுக்கத் தொடங்கினார். எல்லாவற்றையும் இறக்கி, தட்டுக்குத் தட்டு கை நுழைகிற இடம் விட்டு நான் அடுக்கினேன். ஓரங்களில் உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்கள். கதவில் ஒரு தாளை ஒட்டி நேரம், அளவு, கையெழுத்து. இரவு எட்டு மணிக்கு நாலு புள்ளி ஆறு.

ஞாயிறு காலை நாலு புள்ளி இரண்டு. புறப்படும்போது காஸை நிறுத்தி, பிரிட்ஜை வண்டிப் பற்றறிக்கு மாற்றினோம். எஞ்சின் ஓடும்வரைதான் அதில் குளிர் நிற்கும்.

மொண்டெல்லோவுக்குப் போகும் ஒரே பாதையில் பலெர்மோவில் பாதிச் சனம் குடையும் குழந்தையுமாக நின்றது. அதற்குள் ஒருவர் காரைப் பாதை நடுவில் விட்டுவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார். பக்கத்துக் காரில் இருந்த கிழவர் கையை வெளியே விட்டு, “எஞ்சினை நிறுத்தேன் அப்பா, புகை மூக்குக்குள் போகிறது” என்றார்.

“நிறுத்த முடியாது. உள்ளே எண்பது வயதுச் சின்யோராவின் பிறந்தநாள் இனிப்பு இருக்கிறது,” என்றார் யோகன் இத்தாலியனில்.

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். “இனிப்பா? அதை முதலிலேயே சொல்லக்கூடாதா?” இறங்கிப் போய், ஐஸ்கிரீம் கடை வாசலில் நின்று காரின் நம்பரைச் சொல்லிக் கத்தினார். இரண்டு நிமிடத்தில் பாதை திறந்தது. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போன இடம் அதுதான்.

தோட்டத்தில் மட்டமான தரையாகப் பார்த்து நிறுத்தினோம். யோகன் தானாகவே கிளாஸைக் குனிந்து பார்த்து, “நேரா நிக்குது மச்சாள்” என்றார். கட்லற்றைப் பொரித்துப் பொரித்துக் கொடுத்தோம். நாற்பது பேர் என்றது ஐம்பதாகியிருந்தது. கத்தரிக்காய்ப் பால்கறியை ஒரு வக்கீல் பாணால் வழித்து வழித்துத் தின்று, தன் மனைவியிடம் பேச்சு வாங்கினார்.

கடைசியில் வட்டிலப்பம். சின்யோரா மெலிந்த, நேராக நடக்கிற மனிசி. தட்டை வாங்கியதும் உண்ணவில்லை. விரலின் பின்பக்கத்தால் தட்டின் அடியைத் தொட்டுப் பார்த்தார். வசந்தி என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

“இந்த வெக்கையில் இவ்வளவு குளிராக,” என்றார் சின்யோரா. ஒரு கரண்டி வாயில் வைத்தார். இன்னொரு கரண்டி. தட்டு முடிந்ததும் மேசையில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: “பதினெட்டு வருடம் இந்தப் பெண்ணிடம் நான் ஜன்னல் துடைக்கக் கொடுத்திருக்கிறேன். என்னைப்போல முட்டாள் சிசிலியில் உண்டா?”

மேசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் தங்கை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

வக்கீலின் மனைவி உடனே எழுந்து வந்தார். அடுத்த மாதம் பேரனுக்கு ஞானஸ்நானம், எழுபது பேர், செய்து தருவாயா என்றார். எதற்கும் ஆமாம் போட்டு “சி, சின்யோரா” என்று மட்டும் சொல்லிப் பழகிய வசந்தி, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “எத்தனை தட்டு பிரிட்ஜில் இடைவெளி விட்டு வைக்க முடியும் என்று பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்.”

செவ்வாய் காலை எனக்கு ரயில். புறப்படும் முன் தெர்மாமீற்றரைக் காம்பர் பிரிட்ஜிலேயே விட்டேன். “இது இனி உனக்குத்தான். எண் கொஞ்சம் மங்கல், சரிச்சுப் பார்,” என்றேன்.

யோகன் அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். திருப்பினார். திரும்பவும் பிடித்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது.

“மச்சாள், இதை நீங்கள் எத்தினை வருஷமா வைச்சிருக்கிறியள்?”

“ஆறு. ஏன்?”

“இதின்ர கண்ணாடியில ஒட்டி வந்த பிளாஸ்ரிக்கை இன்னும் உரிக்கேல்லையே.”

வசந்தி அதை வாங்கி, மூலையை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்து, கம்பியைத் திரும்பக் கிளாஸ் தண்ணீருக்குள் போட்டாள். பிறகு கதவில் இருந்த தாளில், என் கையெழுத்துக்குக் கீழே, முதல்முறையாகத் தன் கையெழுத்தை வைத்தாள். சரிக்கத் தேவையே இல்லாமல், பளிச்சென்று தெரிந்தது: நாலு.